வான்படைச் சின்னமும் காலத் துணிபும்

முதல் உலகப்போர்க்கால வான்படை அணிகளின் சின்னங்களை ஆராய்வார்க்கு ஒளிப்படமே முதற்சான்று. எனினும் அது நிறத்தில் மயக்கம் தரும். அந்நாளிற் பெரிதும் வழங்கிய படத்தகடுகள் செவ்வொளியை ஏலா. ஆதலின் அவற்றில் சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிறியும் தோன்றும்.

வடிவமும் நிலையானதன்று. அமெரிக்கத் தொண்டர்களைக் கொண்டு 1916-இல் பிரெஞ்சுப் படையில் அமைந்த லஃபாயெட் அணி, அமெரிக்கப் பழங்குடியினருள் செமினோல் குடியினன் தலையை முதற்கண் சின்னமாகத் தீட்டிற்று. 1917-இல் சியூ குடியினன் தலையை மேற்கொண்டது. ஆகவே 1916-ஆம் ஆண்டு வானூர்திக்குப் பின்னைச் சின்னத்தை ஏற்றிக் காட்டுதல் காலவழுவாம்.

பாடவேறுபாடு கொண்டு ஏட்டின் காலத்தைத் துணிவது போல, இவ்வேறுபாடு கொண்டு படத்தின் காலத்தை யாம் துணியலாம். நிறத்தையோ, எஞ்சியுள்ள வானூர்தித் துணியோடும் அக்காலக் குறிப்புகளோடும் ஒப்பிட்ட பின்னரே கூறுதல் வேண்டும்.