மலைச்சரிவு வீட்டுக்கு ஓர் ஆல்டர் மரம்

சவுக்குத் தோப்பு உள்ள ஊரில் நீங்கள் வசிப்பவராயின், ஓர் இளஞ்சவுக்கின் அடிமண்ணைச் சற்றே விலக்கிப் பாருங்கள். வேர்களில் சிறு பவளக்கொத்துப் போன்ற முண்டுகளைக் காணக்கூடும். அவற்றை நோய் என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். அவற்றினுள் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் குடியிருக்கிறது. சத்தற்ற கடற்கரை மணலிலும் சவுக்கு செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே ஃபிராங்கியா இனத்து நுண்ணுயிரை வேரில் தாங்கிக்கொண்டு குளிர்ந்த மலைகளில் வாழ்வது ஆல்டர் மரம். பண்டைக் காலத்தில் ஏடாகப் பயன்பட்ட பட்டையைத் தந்த பூர்ஜ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் பல வகைகள் உண்டு. நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங், நாகாலாந்து ஆகிய இடங்களுக்கு உரியது அல்னஸ் நேபாலென்சிஸ் என்னும் வகை. நேபாளிகள் இதனை 'உத்திஸ்' என்பர். 30 மீட்டர் உயரம் வரை வளரும். ஆண் பூக்கள் வால்போல் தொங்கும். பெண் பூங்கொத்து முற்றியதும் சிறு கூம்புக்காய் ஆகும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆயினும் எந்த மரமும் அதை நேரே உண்ண இயலாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் அத்துணை இறுக்கமாகப் பிணைந்துள்ளன. அப்பிணைப்பை அறுக்கும் நொதி ஃபிராங்கியாவிடம் உள்ளது. அந்த நொதிக்கு ஆக்சிஜன் பகை. ஆதலால் ஆல்டரின் வேர்முண்டில் ஃபிராங்கியா தடித்த உறையுடைய நுண்குமிழிகளை உண்டாக்கி, அவற்றினுள் இவ்வேலையை நடத்துகிறது. மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. அது மரத்துக்குத் தழைச்சத்து தருகிறது. ஆல்டரின் வேர்முண்டில் ஓர் உயிர் இருப்பதை ருஷ்ய அறிஞர் வொரோனின் 1866-இலேயே கண்டார். ஆனால் ஃபிராங்கியாவைத் தனியே பிரித்து வளர்த்ததாக அறிவியல் உலகுக்குத் தெரிந்தது 1978-இல்தான். அதுவும் வேறொரு செடியின் வேரிலிருந்து!

பெரும்பாலான மரங்கள் இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆல்டர் அவ்வளவு சிக்கனம் பார்ப்பதில்லை. சத்துள்ள இலையை அப்படியே கீழே போடுகிறது. சிக்கிமில் பெரிய ஏலக்காய்த் தோட்டங்களில் நிழலுக்கு இம்மரத்தை வைத்திருப்பதன் சூட்சுமம் இதுவே. நிழலும் கிடைக்கிறது, எருவும் கிடைக்கிறது.

அப்பகுதியில் வீட்டையொட்டி இதை வளர்க்க விரும்புவோர் செய்யவேண்டியது என்ன? விதை தூசுபோல் நுண்ணியது. ஆகவே மணலுடன் கலந்து ஈரமண்ணின் மேலே தூவினால் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. அதற்கு வெளிச்சம் வேண்டும். நாற்றங்காலில் வளர்ந்த ஆல்டரின் அடிமண் ஒரு கைப்பிடி சேர்ப்பது நன்று. ஃபிராங்கியா அதனுடன் வந்துவிடும். கன்றை வெயில் படும் இடத்தில், ஈரம் வற்றாத பக்கமாக நடவேண்டும். வறட்சியை இது தாங்காது.

ஆனால் சுவரையொட்டி நடுவது பெருந்தவறு. விரைந்து வளரும் மரமாதலால் கட்டை மென்மையானது. பலத்த காற்றில் கிளைகள் முறியும். கூரையிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நடுங்கள். கழிவுநீர்க் குழாய்க்கு அருகிலும் வேண்டாம். இன்னொன்று: மண் சரிந்த வெற்றுநிலத்தில் முதலில் முளைக்கும் மரங்களுள் ஆல்டரும் ஒன்று என்பதால், சரிவுக்கு இதுவே முழுக்காப்பு என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். மேல்மண் அரிப்பை இது நன்கு தடுக்கும். மலையே ஆழத்திலிருந்து நழுவினால் மரமும் சேர்ந்தே இறங்கும். வீட்டுக்கு மேலேயுள்ள சரிவில் மழைநீர் வடிய வாய்க்கால் இல்லாமல் மரத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

'ஊட்டியிலும் குளிர்தானே, அங்கும் நடலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. ஹவாய்த் தீவுகளில் வனத்துறையினர் நட்ட இதே நேபாள ஆல்டர், தோட்டத்தைவிட்டு வெளியேறி அங்குள்ள இயற்கைக் காட்டுக்குள் பரவிவிட்டது. தழைச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் மரம், வறிய மண்ணுக்குப் பழகிய உள்ளூர்ச் செடிகளை எளிதில் முந்திவிடுகிறது. நீலகிரியின் புல்வெளிகளில் பரவிய சீகை மரமும் இவ்வாறு தழைச்சத்து சேர்க்கும் அயல்மரமே.

பிறந்த மண்ணில் இம்மரத்தை அடக்கி ஆளும் கலையை நாகாலாந்தின் கோனோமா கிராமத்தில் காணலாம். அங்குள்ள அங்காமி உழவர்கள் வயலுக்குள்ளேயே ஆல்டரை வைத்திருக்கிறார்கள். இளமரம் சற்றுப் பருத்ததும், குளிர்காலத்தில் ஆள் உயரத்தில் தலையை வெட்டுவர். வெட்டுவாயில் சேறு பூசி, மேலே ஒரு கல்லையும் வைப்பதுண்டு. வெட்டிய கிளை விறகாகிறது. முண்டத்தைச் சுற்றி எழும் ஏராளமான துளிர்களில் நாலைந்தை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழிப்பர். மரம் தலையின்றி நிற்கும் அந்த ஓரிரு ஆண்டுகளில் வெயில் தாராளமாகக் கிடைக்கும். தினையும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் விளையும். பிறகு நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாக விட, துளிர்கள் கிளைகளாகி இலையுதிர்த்து மண்ணை மீண்டும் வளமாக்கும். அதன்பின் கத்தி மறுபடியும் அதே முண்டத்துக்கு வரும்.