சான் ஹுவானிக்கோவுக்கு மூன்று வழிகள்

குறுக்கு வழி என்ற சொல்லைக் கேட்டு மகிழாதவர் நம்மில் அரியர். மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர், அலுவலகத்துக்கு விரையும் காலை வேளையில் ஐந்து நிமிடம் மிச்சப்படுத்தும் சந்து ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அதை நண்பரிடம் சொல்லிப் பெருமைப்படுவதும் உண்டு. அப்படிப்பட்ட பெருமைக்கு ஆசைப்பட்டு, வேற்று நாட்டில், உப்புச் சேற்றின் நடுவே ஒரு மாலைப் பொழுதை நாங்கள் கழிக்க நேர்ந்தது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

மெக்சிகோ நாட்டின் வடமேற்கில் பாஹா கலிபோர்னியா என்னும் நீண்ட தீபகற்பம் உளது. அமெரிக்க எல்லையிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளும் இந்நிலத்துக்கு மேற்கே பசிபிக் மாகடல். கிழக்கே கலிபோர்னியா வளைகுடா. நடுவே மலையும் பாலையும். வடக்கிலிருந்து தென்முனை வரை செல்லும் 1,711 கிலோமீட்டர்த் தார்ச்சாலை 1973இல்தான் முடிவுற்றது. அச்சாலையை விட்டு விலகிக் கடற்கரைக்குச் செல்ல வேண்டுமாயின் இன்றும் பல இடங்களில் மண் பாதைதான் கதி.

எம் தம்பியின் மகன் சான் டியேகோ நகரில் பொறியாளனாக இருக்கிறான். மும்பையில் பிறந்து, மாதுங்காவில் தமிழ் படித்து வளர்ந்த அப்பிள்ளைக்கு அங்கே சென்றபின் அலைச்சறுக்கில் பித்துப் பிடித்துவிட்டது. பலகை ஒன்றின்மேல் ஏறி நின்று, கரை நோக்கி வரும் அலையின் முகத்தில் சறுக்கிச் செல்லும் ஆட்டம் அது. அவனைக் காணச் சென்றிருந்த எங்களை, "பெரியப்பா, பெரியம்மா, நீங்களும் வாருங்கள், உலகில் இப்படி ஓர் அலையைப் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றான். அவனுடைய நண்பன் ஒருவனும் உடன் வந்தான். செல்ல வேண்டிய இடம் சான் ஹுவானிக்கோ என்னும் மீனவர் சிற்றூர். அலைச்சறுக்குவோர் அதற்குத் 'தேள் விரிகுடா' என்று பெயரிட்டிருக்கின்றனர்.

அந்த ஊரின் சிறப்பு அதன் கரை அமைப்பு. ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிலமுனைகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. தெற்கிலிருந்து வரும் அலை அம்முனையைச் சுற்றி வளைந்து சாய்வாகக் கரையை அடைகிறது. அதனால் அலை முழுவதும் ஒரே நேரத்தில் உடைந்து விழாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பாயைச் சுருட்டுவது போல ஒழுங்காக உடைந்துகொண்டே போகிறது. பலகையில் நிற்பவர் அவ்வுடைப்புக்கு முன்னே முன்னே நெடுந்தொலைவு செல்லலாம்.

இவ்வலைகள் பிறக்கும் இடமோ பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். நமக்கு ஆடி மாதமாயிருக்கும்போது தென் கோளத்தில் குளிர்காலம். நியூசிலாந்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் எழும் பெரும் புயல்கள் கடலைக் கலக்குகின்றன. அங்கிருந்து புறப்படும் நீண்ட அலைத்தொடர் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் பயணம் செய்து, ஒரு வாரத்துக்கு மேல் கழித்துப் பாஹாவின் கரையைத் தொடுகிறது. ஆகவே எந்நாளில் வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். நாள் குறித்துவிட்ட காரணத்தால் அவசரமும் வந்துவிடுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. நல்ல அலை வரும் கோடை மாதங்களே அப்பகுதியில் சூறாவளி மாதங்களும் ஆகும். கிழக்குப் பசிபிக்கின் சூறாவளிப் பருவம் மே 15 முதல் நவம்பர் 30 வரை. 2014 செப்டம்பரில் ஒடீல் என்னும் சூறாவளி தீபகற்பத்தின் தென்பகுதியைத் தாக்கியபோது சாலைகள் பல இடங்களில் அரித்துக்கொண்டு போயின. தார்ச்சாலைக்கே இந்நிலை என்றால் மண் பாதையைப் பற்றிக் கேட்க வேண்டுவதில்லை. சென்ற ஆண்டு இருந்த பாதை இவ்வாண்டு ஆற்று மணலாகக் கிடக்கும். அதனால் அங்கே பழைய வழிப்படத்தை நம்புவோர் ஏமாறுவர்.

எல்லையிலிருந்து 860 கிலோமீட்டர் கடந்து சான் இக்னாசியோ என்னும் ஊரை அடைந்தோம். பாலையின் நடுவே பேரீச்ச மரங்கள் அடர்ந்த சோலை அது. 1728இல் கிறித்தவப் பாதிரிமார் அங்கே திருச்சபை நிறுவினர். இப்போதுள்ள கற்கோயில் 1786இல் கட்டி முடிந்தது. அதன் எதிரே உள்ள சதுக்கத்தில் பெரிய நிழல் மரங்கள் நிற்கின்றன. அவற்றை அவ்வூரார் 'இந்திய லாரல்' என்கிறார்கள். அருகே சென்று இலையைக் கிள்ளிப் பார்த்தால் பால் வடிகிறது. நம் ஊர் இச்சி மரம்! அன்று ஆடி அமாவாசை. நீர்நிலை ஓரமாக எம் முன்னோர்க்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, அம்மர நிழலில் அமர்ந்து வழியைப் பற்றி ஆலோசித்தோம்.

வழிகள் மூன்று. முதலாவது தார்ச்சாலை. கிழக்கே மலை கடந்து சாந்தா ரொசாலியா, லோரெத்தோ முதலிய ஊர்கள் வழியாகத் தெற்கே இறங்கி, மீண்டும் மேற்கே திரும்பி வடக்கே ஏற வேண்டும். 500 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இரண்டாவது, நேரே தெற்கே செல்லும் மண் பாதை. ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். ஆனால் அது ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேட்டு நிலத்தின்மேல் கற்களின் இடையே செல்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட இயலாது. மற்றொரு கிளையே மூன்றாவது வழி. கடலோர உப்புத் தரையின்மேல் செல்லும் அவ்வழி, காய்ந்திருந்தால் கண்ணாடி போன்றது. மணிக்கு 70 கிலோமீட்டரில் பறக்கலாம்.

சதுக்கத்தில் மீன் லாரி ஓட்டும் முதியவர் ஒருவர் இருந்தார். தம்பி மகன் இசுபானிய மொழியில் அவரிடம் கேட்டான். அவர், "உப்புத் தரை நல்ல வழிதான். ஆனால் கடல் அங்கே எப்போது வந்து போனது என்று தெரிந்தால் போ. தெரியாவிட்டால் கல்லின்மேல் போ" என்றார். பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தனர். வயதானவர்களால் தங்கள் பயணம் தாமதமாயிற்று என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாதே என்னும் ஒரு கூச்சம் எங்களுக்கு. "நமக்கென்ன அச்சம்? அலை வருவதற்குள் போய்விடுவோம்" என்று சொன்னவர்கள் நாங்களே. முந்திய நாள் காலையில் அமாவாசைத் தர்ப்பணம் செய்த கை, மறுநாள் உப்புத் தரையைச் சுட்டிக் காட்டிற்று. அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறும் என்பதைச் சிறுவயதில் தூத்துக்குடிக் கரையில் கேட்டு வளர்ந்தவர்கள்தாம், நினைவுதான் வரவில்லை.

மறுநாள் பிற்பகல் உப்புத் தரையை அடைந்தோம். கட்ச் வளைகுடாப் பக்கம் வாழும் நம் அன்பர்கள் ரண் நிலத்தைப் பார்த்திருப்பார்கள்; அதே வெண்மை, அதே வெறுமை. மேலே உப்பு ஓடு காய்ந்து உறுதியாகத் தோன்றும், அடியிலோ களிச்சேறு. அரை மணி நேரம் வண்டி மகிழ்ச்சியாக ஓடிற்று. பிறகு ஓரிடத்தில் பழைய டயர்த் தடங்கள் யாவும் இடப்புறம், நிலத்தை நோக்கி வளைந்தன. ஒரே ஒரு தடம் மட்டும் நேரே சென்றது. நேரே போவது அருகு அன்றோ? போனோம். நூறு கெஜம் செல்வதற்குள் ஓடு உடைந்தது. வண்டி அச்சு வரை அமிழ்ந்தது. அப்போது மணி நான்கு.

நான்கு சக்கரமும் சுழலும் வண்டிதான். ஆயினும் சுழலச் சுழல ஆழமாகப் புதைந்ததே அன்றி நகரவில்லை. கைப்பேசியில் தொடர்பு இல்லை. இறங்கிச் சேற்றைத் தோண்டியபோது அடியிலிருந்து நீர் ஊறி வந்தது. அதைப் பார்த்த எம் மனைவியார் மெல்லிய குரலில், "நேற்று அமாவாசை அல்லவா? இரவு இங்கே கடல் வந்திருக்கிறது. இன்றும் வரும்" என்றார். எவரும் பேசவில்லை. கோடையில் அக்கரையில் பெரிய ஏற்றம் இரவின் முற்பகுதியில் வரும் என்பது தம்பி மகனுக்குத் தெரியும். அலைக் கணக்குப் பார்க்கும் அவன் ஏற்றத்தின் கணக்கையும் அறிந்தவன். அவன் முகம் வெளுத்ததைக் கண்டோம். வண்டியை விட்டுத் தண்ணீர்க் கலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடப்பது என்றே முடிவு செய்தோம்.

அவ்வேளையில் தொலைவில் ஒரு சிறு லாரி தோன்றிற்று. மீன் பிடித்துத் திரும்பும் இருவர். எங்களை நோக்கி நேரே வராமல், உறுதியான தரையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். அதிலேயே அவர்கள் அறிவு விளங்கிற்று. முதலில் டயர்களின் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கச் சொன்னார்கள். தட்டையான டயர் அதிக இடத்தில் படிவதால் எளிதில் புதையாது. பிறகு சக்கரத்தின் முன்னும் பின்னும் தோண்டி, பலகைகளை அடியில் செருகி, நீண்ட கயிறுகளை முடிந்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுத்தார்கள். சூரியன் மறையும் நேரத்தில் வண்டி வெளிவந்தது. அதற்குள் மேற்கே உப்பு வெளியில் மெல்லிய நீர்ப்பளபளப்பு பரவத் தொடங்கியிருந்தது.

பணம் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டனர். மனைவியார் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை நீட்டினார். ஒரு வாய் உண்டதும் மூத்தவர் சிரித்து, "தமரிந்தோ!" என்றார். நம் புளியை அந்நாட்டார் அப்பெயரால் விரும்பி உண்கின்றனர். 'இந்தியப் பேரீச்சை' என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பொட்டலம் முழுவதும் தீர்ந்தது. போகும்போது இளையவர் அத்தனித் தடத்தைச் சுட்டி, "அதில் போனவனையும் நாங்கள்தாம் சென்ற வாரம் இழுத்தோம்" என்றார்.

அன்றிரவு மேட்டில் தங்கி, மறுநாள் கல் பாதையில் ஊர்ந்து சென்றோம். மாலையில்தான் சான் ஹுவானிக்கோ வந்தது. முதல் நாள் அலை போயே போயிற்று. பிள்ளைகள் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் விடியலில் எழுந்து கரையில் அமர்ந்தோம். முனையைச் சுற்றி வந்த அலை ஒன்றின்மேல் அவன் எழுந்து நின்று, எங்கள் கண்ணெதிரே நெடுநேரம் சென்றுகொண்டே இருந்தான். மனைவியார் கை தட்டினார். திரும்பி வந்தவன், "பெரியப்பா, இந்த ஒன்று போதும்" என்றான். "வழியைச் சொன்னவர்கள் நாங்கள் அல்லவா?" என்றோம். "ஓட்டியவன் நான் அல்லவா?" என்றான்.

இவ்வகைப் பாதைகளில் செல்ல நேரும் அன்பர்களுக்கு நாங்கள் கற்றவற்றைச் சொல்லிவிடுகிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிநீர் வீதம், தேவைக்கு இரு நாள் மிகையாகவே கொண்டு செல்க. மண்வெட்டி, பலகை, கயிறு, காற்றடிக்கும் கருவி ஆகியவை இன்றிப் புறப்படற்க. வழிப்படத்தைக் கேட்பதைவிட அன்று காலை அவ்வழியே வந்தவரைக் கேட்பது மேல். கடலோரமாயின் திதியைப் பார்க்க. பல தடங்கள் விலகும் இடத்தில் ஒற்றைத் தடத்தைப் பின்பற்றற்க. எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் வரும் முதியவர் வெட்கத்துக்காகத் துணிவு காட்டினால் இளையோர் அதற்குச் செவி கொடுக்க வேண்டா. இளையோர் அவசரப்பட்டால் முதியோர் தம் அச்சத்தை வாய் திறந்து சொல்லத் தயங்கவும் வேண்டா.

திரும்பும்போது எவ்வழி என்று எவரும் கேட்கவில்லை. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தார்ச்சாலை வழியாகவே வந்தோம்.