பட்டுப்புழுவின் பங்காளி

நம்ம பக்கம் புது ஆள் யாராவது வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஊருங்க, யாரு வகையறாங்க?" என்பதுதான். பதிலைக் கேட்டதும் பங்காளியா, மாமன் மச்சானா என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். பூச்சி ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதே வேலைதான். அப்படி அவர்கள் உறவுமுறை கண்டுபிடித்த ஒரு பூச்சி, கேடிஸ்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கல்லைப் புரட்டினால், மணலும் இலைத் துணுக்கும் ஒட்டிய சின்னக் குழாய்க்குள் ஒரு புழு இருக்கும். அதுதான் கேடிஸின் இளம் பருவம். சிறகு முளைத்ததும் இரவில் விளக்கைத் தேடி வரும். நாம் அந்துப்பூச்சி என்று நினைத்துக் கொள்வோம். அந்த நினைப்பு பாதி சரி!

1758-இல் லின்னேயஸ் இதைத் தட்டானோடு ஒரே வரிசையில் வைத்தார். 1813-இல் கிர்பி என்பவர் தனியே பிரித்து 'ட்ரைகாப்டிரா' என்று பெயரிட்டார். மயிர்ச் சிறகு என்று அர்த்தம். வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற பொடி இருக்கிறதே, அது தட்டையாகிப்போன மயிர்தான். இன்னொரு சாட்சி: பெரும்பாலான பூச்சிகளில் குஞ்சு ஆணா, பெண்ணா என்பது தந்தையின் குரோமோசோமைப் பொறுத்தது. இந்த இரண்டு குடும்பத்திலும் தாயைப் பொறுத்தது. ஆக, ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பாகம் பிரிந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

டெக்ஸ்டைல் பிரிவு நண்பர்கள் கவனிக்க: இரண்டு வீட்டாரும் உதட்டுச் சுரப்பியில்தான் பட்டு நூற்கிறார்கள். நூலின் முக்கியப் புரதம் ஃபைப்ராயின், அதுவும் பூர்வீகச் சொத்து. ஆனால் உடுமலைப் பக்கம் வளர்க்கும் புழுவின் பட்டு காற்றில் காய்வது. கேடிஸ் பட்டோ தண்ணீருக்குள்ளேயே கல்லோடு ஒட்டும். ஃபைப்ராயினில் பாஸ்பேட் ஏறி, கால்சியத்தைப் பிடித்துக் கொள்வதுதான் ரகசியம் என்று 2010-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள். ஈரத்தில் ஒட்டும் பசைக்கு அலைகிறவர்கள் சும்மா விடுவார்களா?

கேடிஸ் வகையறாவுக்குள்ளும் இரண்டு கிளை. ஒன்று வலை கட்டி, ஓடுகிற நீரில் வரும் தீனியைப் பிடிக்கும். மற்றது வீட்டைச் சுமந்தே திரியும். எதிலும் சேராத சில குடும்பங்களை வைத்து வெகுகாலம் வழக்கு நடந்தது. மரபணு ஆராய்ச்சி அவற்றை இரண்டாவது கிளையின் அடியில் சேர்த்திருக்கிறது.

உலகில் சுமார் 17,000 இனங்கள், இந்தியாவில் 1,000-க்கும் மேல். பல இனங்களுக்கு அழுக்குத் தண்ணீர் ஆகாது. அதனால்தான் ஓடையின் சுத்தத்தைச் சோதிப்பவர்கள் இவற்றை எண்ணுகிறார்கள். நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி அடிவாரம் போனால் நீங்களும் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு, இருந்தபடியே வைத்துவிடுங்கள்.