குறுவட்டுப் படிகளும் கறுப்பு-வெள்ளைத் துப்பறியும் படங்களின் ஆய்வும்

எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்', பாடலும் நடனமும் இல்லாத படம் என்பதால் தமிழ்த் திரைப்பட வரலாறுகளில் தவறாது இடம்பெறுகிறது. அவருடைய 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964) ஆகியன அந்த அளவு பேசப்படவில்லை. இவற்றை இன்றைய ஆய்வாளர் திரையரங்கில் காண்பதில்லை; விசிடி, டிவிடி, அவற்றிலிருந்து இணையத்தில் ஏற்றப்பட்ட படிகள் வழியாகவே காண்கிறார். அப்படிகளின் குறைகள் ஆய்வு முடிவுகளுக்குள் நுழையும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

'அந்த நாள்' வானொலிப் பொறியாளர் ஒருவரின் கொலையில் தொடங்கி, ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவரின் பார்வையிலும் நடந்ததை மீண்டும் காட்டுகிறது. எஸ். மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழலுக்கும் கதைப்பொறுப்பு உண்டு. சேதம் முதலில் நேர்வதும் அந்நிழலில்தான். திரையிடலுக்கான படச்சுருள், இயல்பாகவே ஒளி-இருள் வேறுபாடு மிகுந்தது. மூல நெகட்டிவை விடுத்து அத்தகைய தேய்ந்த சுருளிலிருந்து வீடியோவாக மாற்றும்போது சாம்பல் நிறத்தின் இடைப்படிகள் மறைந்து, வெறும் கருமையும் வெண்மையும் எஞ்சுகின்றன. விசிடியின் பிம்பமோ 352×288 புள்ளிகள் மட்டுமே. நொடிக்கு ஏறத்தாழ 11.5 இலட்சம் பிட்டுகளுக்குள் அதை அடக்க வேண்டும். சுருக்க முறை இருண்ட பகுதிகளின் நுட்பத்தையே முதலில் கைவிடுவதால், அங்கே கட்டம் கட்டமான திட்டுகள் தோன்றுகின்றன. பகல் வெளிச்சத்தில் நகரும் குடும்பப் படத்திற்கு இது பெரிய இழப்பன்று. இரவில் நடக்கும் கொலைக்கதைக்கு அப்படியில்லை.

கால அளவிலும் ஒரு மயக்கம் உண்டு. நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட படம், இந்தியாவில் வழங்கிய பால் முறையில் 25 சட்டங்களாக ஓடுகிறது. 130 நிமிடப் படம் 125 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் சற்றே உயரும். குறைந்த ஐந்து நிமிடத்தைத் தணிக்கை வெட்டு என்றோ, நடிகரின் குரல் கீச்சென்றிருந்தது என்றோ எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம்.

அகலத்திரைத் தொலைக்காட்சி வந்தபின் சேர்ந்த குறை, சட்டக வெட்டு. 1.37:1 விகிதத்தில் அமைந்த பிம்பத்தை 16:9 திரை முழுவதும் நிரப்பினால், உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். தலை வெட்டுண்ட முகங்களை 'நெருக்கமான சட்டக அழகியல்' என்று விளக்கும் ஆபத்து இங்குள்ளது.

இது பிறர் மீது சாட்டும் குற்றமன்று. பள்ளி நாட்களில் சங்கரன்கோவில் கடைவீதியில் வாங்கிய 'அந்த நாள்' விசிடியை வைத்தே என் ஆய்வேட்டின் ஒளியமைப்பு இயலை முதலில் எழுதினேன். 'பின்னணியை முற்றிலும் அழித்துப் பாத்திரங்களைத் தனிமைப்படுத்தும் இருள்' என்பது அதில் நான் பெருமைப்பட்ட தொடர். பின்னர்த் தெளிவான படி ஒன்றைக் கண்டபோது, நான் இருள் என்று குறித்த சில இடங்களில் சுவரும் கதவும் நன்றாகவே தெரிந்தன. அந்த இருளைச் செய்தவர் மாருதி ராவ் அல்லர்.

புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்குச் சென்று சுருளையே பார்ப்பது எல்லா ஆய்வாளருக்கும் இயல்வதன்று. ஆயினும், சுவடி ஆய்வில் பாடவேறுபாடு காட்டுவதுபோல, எந்தப் படி, அதன் ஓட்டநேரம், சட்டக விகிதம் ஆகியவற்றை அடிக்குறிப்பில் தருவதற்குச் செலவில்லை. 'அந்த நாள்' பற்றிய பத்தியை நீக்கிவிட்டேன். 'பொம்மை' பற்றிய பத்தி நிலுவையில் உள்ளது. எனக்குக் கிடைத்த இரு படிகளிலும் ஒரே கீறல்கள் ஒரே இடங்களில் விழுகின்றன.