காட்சிசாலையில் கேளாத குரல்



புனே நகரிலிருந்து அகில்யாநகர் (முன்னாள் அகமதுநகர்) நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றாகிய மகாகணபதி கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர், இன்று தொழிற்பேட்டையாலும் அறியப்படுகின்றது. வேலை நாடி வெளியூரார் பலரும் வந்து சேரும் இடமாதலின், இங்குப் பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு வினா இயல்பாகவே பொருந்தும்: ஓர் ஊரின் வரலாற்றில் எவருக்கு இடமுண்டு? பொருட்காட்சிசாலைக்குச் சென்று திரும்பும் மாணாக்கரை, 'எதனைக் கண்டீர்கள்?' என்று கேட்பது வழக்கம். 'எவரைக் காணவில்லை?' என்றும் கேட்டுப் பார்ப்போமாக.

புனேயில் ராஜா தினகர் கேல்கர் பொருட்காட்சிசாலை இருக்கின்றது. இளமையிலேயே மறைந்த தம் மைந்தன் ராஜாவின் நினைவாகத் தினகர் கேல்கர் அதனை அமைத்தார்; பின்னர் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். விளக்கு, பாக்குவெட்டி, பூட்டு, அடுக்களைப் பாத்திரம் என அன்றாடப் பொருள்களுக்கு அங்கே பெருமதிப்பு. ஆயினும், ஒரு விளக்கை வார்த்தவன் யார், அதனை மாலைதோறும் ஏற்றியவள் யார் என்பதை அவ்விளக்கு உரைப்பதில்லை. அங்கே பொருள் உண்டு, பெயர் இல்லை.

ரஞ்சன்காவ் செல்லும் அதே சாலையில், பீமா நதிக்கரையில், கோரேகாவ் வெற்றித்தூண் நிற்கின்றது. 1818 ஜனவரி 1-ஆம் நாள் பேஷ்வா படையோடு நிகழ்ந்த போரில் கும்பினிப் படையின் சார்பில் மாண்டோர் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. 'நாக்' என முடியும் 22 பெயர்கள் மகார் வீரர்களுடையவை என்பர். டாக்டர் அம்பேத்கர் 1927 ஜனவரி 1-ஆம் நாள் இங்கு வந்தார். இங்கே பெயர் உண்டு. அவர்தம் குரல் இல்லை.

குரலும் கிடைத்த இடம் ஒன்றுண்டு. ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே தம்பதியரின் பள்ளியிற் பயின்ற முக்தாபாய் என்னும் மாணவி, சுமார் 14 வயதில், மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தாள். 1855-இல் 'ஞானோதயா' என்னும் மராட்டிய இதழ் அதனை வெளியிட்டது. படிக்கவும் வணங்கவும் உரிமை மறுக்கப்பட்ட தம் மக்களுக்குரிய சமயம் யாது என அச்சிறுமி வினவினாள். எவரும் எழுதாது விட்ட வரலாற்றை ஒரு பள்ளிப்பிள்ளையே எழுதினாள்!

இன்றைய மாணாக்கரும் இதனைச் செய்யலாம். காட்சிசாலையில் ஒரு பொருளைத் தேர்ந்து, அதனைச் செய்தவன் எழுதும் கடிதமாகவோ, பயன்படுத்தியவள் பேசும் நாடகக் காட்சியாகவோ வரையலாம். பொருளின் கீழே தொங்கும் குறிப்புச்சீட்டையே மாற்றி எழுதிப் பார்க்கலாம். ஆனால், 'அறிந்தது இது. கற்பித்தது இது' என்று பிரித்துக் காட்டல் வேண்டும். இல்லாவிடில் மறைந்தோர் வாயில் நம் சொல்லைத் திணித்தவராவோம்.

பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப் பங்குண்டு. ஊரை விட்டு வந்த நாளில் பாட்டனார் தூக்கி வந்த தகரப்பெட்டி பரணில் கிடக்கலாம். அது எந்தக் காட்சிசாலைக்கும் போகாது. அதன் கதையை நம் பிள்ளைகள் இன்றே கேட்டு எழுதுவார்களாயின், நாளைய வரலாற்றில் நம் குரலும் ஒலிக்கும்.