கடலடிக் கல்லும் பூஞ்சைப் படலமும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் பெருவழியில், உப்பளங்களுக்கு அருகே அமைந்த ஊர் முத்தையாபுரம். அதன் கிழக்கே பரந்து கிடக்கும் மன்னார் வளைகுடா முத்துக்குப் பெயர் பெற்றது. அக்கடலின் அடியில் கல்லும் பாறையுமாக விளங்கும் மேட்டு நிலத்தை அப்பகுதியினர் ‘பார்’ என்பர். சிப்பிக் குஞ்சு பற்றி வளர்வதற்குக் கெட்டியான இடம் வேண்டும்; அதனைத் தருவது பார். ஆதலின் முத்துக் குளிப்போர் பாரைத் தேடியே மூழ்கினர். அத்தொழில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

அக்கடலிலுள்ள பவளப் பாறைகளைச் சுண்ணாம்பின் பொருட்டு மாந்தர் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்துநின்ற அரண் குறைந்தது; தீவுகளின் கரை அரிக்கப்பட்டது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் தேயத் தொடங்கவே, 2015ஆம் ஆண்டு முதல் துளைகளையுடைய சிமெண்டுக் கட்டிகளை அதன் அருகே கடலுள் இறக்கினர். வெட்டியவை எளிதில் வெட்டப்பட்டன. மீண்டும் அமைப்பதோ அத்துணை எளிதன்று.

கட்டியை இறக்கிய அளவிலேயே அது பார் ஆகிவிடுவதில்லை. முதற்கண், நீரில் கரைந்துள்ள உயிர்ப்பொருள்களின் நுண்துகள்கள் சில நிமிடங்களிலேயே அதன்மேல் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை சுரக்கும் பசையால் கல் வழுவழுப்பாகிறது. சில நாட்களில் நுண்பாசிகள் குடியேறுகின்றன. இப்படலத்தின் தன்மையை உணர்ந்தே சிப்பி, பவளம் முதலியவற்றின் இளவுயிர்கள் பல தங்குமிடம் தேர்கின்றன. படலம் ஒவ்வாதாயின் அவை நீரோடு போய்விடும்.

இப்படலத்துள் உறையும் பூஞ்சைகளை அறிஞர் நெடுங்காலம் கருதாது விட்டனர். பழஞ்சோற்றிலும் ஈரச் சுவரிலும் பூப்பனவற்றின் உறவினமே இவை. கடலுக்கென்றே அமைந்த பூஞ்சைகள் சிலவற்றின் வித்துக்களுக்கு இழை போன்ற உறுப்புக்கள் உண்டு. அலையிடையே கல்லையும் மரத்தையும் மணலையும் பற்றுதற்கு அவை உதவும். நிலத்திலிருந்து காற்றாலும் ஆற்றாலும் வந்து சேரும் அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றனவும் உண்டு. பூஞ்சைக்கு வாயில்லை, செரிக்கும் நீரைப் புறத்தே சுரந்து, கரைந்ததை உறிஞ்சும். ஒன்று மரத்தைக் கரைக்கும், ஒன்று பாசியின் சவத்தைக் கரைக்கும். இவ்வகைப் பன்மையாலன்றோ கடலின் குப்பை மீண்டும் உணவாகிறது!

முன்னாளில், ஆய்வுக்கூடத் தட்டில் முளைப்பனவற்றை மட்டுமே எண்ணினர். இன்று படலத்தைச் சுரண்டி எடுத்து, அதிலுள்ள மரபுப்பொருளைப் படித்து, தட்டில் முளையாதனவற்றையும் இனங்காண்கின்றனர். இதுகாறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடற்பூஞ்சை இனங்கள் பெயர் பெற்றுள்ளன.

இவற்றை நட்பென்றோ பகையென்றோ கூறிவிட இயலாது. இத்தாலியின் சார்டினியாத் தீவில், 1945ஆம் ஆண்டு, கழிவுநீர் கலக்குமிடத்துக் கடல்நீரிலிருந்து புரோட்சு என்னும் மருத்துவர் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். செபலோஸ்போரின் மருந்துகள் அதன் வழி வந்தவையே. அஸ்பர்ஜில்லஸின் ஓரினமோ கரீபியக் கடலில் கடல்விசிறிகளை நோய்ப்படுத்தி அழித்தது. பவளத்தின் கல்லெலும்பைத் துளைத்து வாழும் பூஞ்சைகளும் உள. நோயுற்ற பவளத்தில் மட்டுமன்றி நலமான பவளத்திலும் அவை இருத்தலைக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 2001ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். அவ்வாறு துளைத்து ஏறும் பூஞ்சை இழை தன் உடலைத் தீண்டும்போது, பவளவுயிர் அதனைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படலம் படலமாகப் பூசி அடைத்துவிடுகிறது. தன்னுள் புகுந்த அயற்பொருளைச் சிப்பி மூடுவதும் இம்முறையே. பவளத்துள் அவ்வாறு விளையும் சிறு முண்டினை ‘முத்துப் போன்றது’ என்றே அறிஞர் குறித்துள்ளனர்.