நாய்க்கும் ஒரு நடுகல்

பத்துப் பன்னிரண்டு வருஷம் வீட்டில் வளர்ந்த நாய் இறந்துவிட்டால் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. ஆபீசில் லீவு கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. "ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா?" என்பவர்களே அதிகம். அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் வெளியிட்ட நூலில், இப்படி ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்குத் தனியாகவே ஒரு பெயர் வைத்தார். அழுது தீர்க்க வழியில்லாத துக்கம் மனசிலேயே தங்கிவிடும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

நம் முன்னோர் இத்துக்கத்தை மறைக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது.

கர்நாடகத்தில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமானது மண்டியா மாவட்டத்து ஆதகூர் கல்வெட்டு. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரில் கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன் பெரும் வீரம் காட்டினான். பரிசாக அவன் கேட்டது, காளி என்ற வேட்டை நாயை! பின்னர் காளி ஒரு காட்டுப் பன்றியோடு பொருதது, இரண்டும் மாண்டன. கி.பி. 949-50இல் அதற்குக் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். அக்கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

ஆகவே வெட்கப்பட வேண்டாம். படத்துக்குப் பூ வைப்பதோ, ஒரு செடி நடுவதோ, தெரு நாய்களுக்குச் சோறு போடுவதோ, குடும்பமாகச் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். குழந்தைகளிடம் "எங்கேயோ ஓடிப்போச்சு" என்று சொல்லாதீர்கள். தினமும் வாசலில் காத்திருப்பார்கள். "தூங்குது" என்றால் தூக்கத்துக்கே பயப்படுவார்கள். "செத்துப் போச்சுப்பா, இனி வராது" என்று உண்மையைச் சொல்லி, கூடவே அழலாம். "முன்னாடியே டாக்டரிடம் காட்டியிருக்கலாமே" என்ற உறுத்தல் பலருக்கும் வரும். நாய்கள் நோயை முற்றும்வரை வெளியே காட்டாமல் மறைப்பது வழக்கம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்த நாய் எப்போது? இதற்கு நாள் கணக்கு கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் மனசு வர வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் பொறுப்பதே நல்லது. பழைய நாய் பார்வோ நோயால் இறந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள். தடுப்பூசிகள் முடியாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தனித்திருக்கும் பெரியவர்கள் குட்டியைவிட வளர்ந்த நாயை எடுப்பது உத்தமம். குட்டி என்றால் பன்னிரண்டு வருஷப் பொறுப்பு. கடித்துக் குதறும் பருவம் வேறு. விலங்குக் காப்பகங்களில் நாட்டு நாய்கள் நிறையக் காத்திருக்கின்றன. நம் வெயிலுக்கும் பழகியவை. பழகச் சில வாரங்கள் பிடிக்கும், அவசரப்படக் கூடாது.

முக்கியமாக, வருவதற்குப் பழைய பெயரை வைக்காதீர்கள். "அது இப்படிச் செய்யாதே" என்று ஒப்பிடவும் வேண்டாம். போனதன் இடம் போனதற்கே. வருவதற்குப் புதிதாக ஓர் இடம் கொடுப்போம்.